பத்தாவது இடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'எத்தனை சார்' என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் "நல்லாப் படிக்கணும் சார்" என்றால் "எத்தனை மார்க்?" என்பார். "அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கணும் சார்" என்றால் "வாரத்துல எத்தனை நாள்? எத்தனை பாத்திரம்?" என்பார். ஒருமுறை ஒரு பெண் எழுந்து நின்று "சந்தோஷமா இருக்கணும் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அவர் விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிரிக்கப் போகிறாய் என்று துருவித் துருவிக் கேட்டு, ஐந்து என்று அவள் வாயாலேயே வரவழைத்து, அதைக் கட்டத்துக்குள் எழுதிய பிறகுதான் உட்காரவிட்டார். அந்தப் பெண் அந்த வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஐந்து தடவை சிரித்து முடித்துவிட்டு, மிச்ச நேரம் நிம்மதியாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டம் என்பது வகுப்பின் பின்சுவரில் இருந்த பெரிய பலகையில் போட்டது. தலைக்கு ஒரு கட்டம். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் இலக்கை அதில் எழுத வேண்டும். தெளிவாக இருக்க வேண்டும், எண் இருக்க வேண்டும், கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். வருடக் கடைசியில் சொன்னது நடந்திருந்தால் பச்சை ஸ்டிக்கர், நடக்காவிட்டால் சிவப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு இலக்கு வகுப்பு என்று பெயர். மற்ற பள்ளிக்கூடங்களில் அந்த நேரத்தில் வாத்தியார்கள் விடைத்தாள் திருத்துவார்கள், அல்லது கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். இவர் மட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வாரம் முழுவதையும் ஓட்டினார். மற்ற நாட்களில் அவர் புவியியல் வாத்தியார். உலகத்து ஆறுகளையெல்லாம் படத்தில் குச்சியால் தொட்டுக் காட்டுவார், ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. ஆற்றைப் பார்க்கப் போவதாக அவர் யாரிடமும் சொன்னதில்லையே.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கையோடு வாயும் ஓடும். "என் பையன் டாக்டருக்குப் படிக்கப் போறான்" என்று ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்தத் தடத்தில் அது தெரியாத ஆளே கிடையாது. பையன் நுழைவுத் தேர்வில் ஒரு தடவை தோற்றான். அடுத்த தடவையும் தோற்றான். அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் ஏறினால், "என்ன டாக்டரே, தலைவலிக்கு ஏதாவது இருக்கா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். பஸ்ஸே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பா தலை நிமிராமல் டிக்கெட் கிழிப்பார். கொஞ்ச நாளில் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு தடத்துக்குப் போய்விட்டார். பையன் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டு எங்கேயும் நடந்தே போக ஆரம்பித்தான்.

எட்டாத ஒன்றை வாய்விட்டுச் சொல்வதைப் போல அசிங்கம் உலகத்தில் வேறில்லை என்று அவர் அன்றைக்கு முடிவு கட்டினார். என் கையில் கிடைக்கிற ஒரு பிள்ளையும் அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது. இதுதான் அவருடைய நல்லெண்ணம். நல்லெண்ணம் இல்லை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வீட்டிலும் அதே வைத்தியம்தான். அவர் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அந்த வாடகை வீட்டுக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். "வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு வீடு பார்க்கணும்" என்று அவள் கல்யாணமான புதிதில் சொன்னாள். எத்தனை வருடத்தில், எத்தனை வாடகையில் என்று அவர் கேட்டார். பேசிப் பேசி வெட்டி வெட்டி, கடைசியில் அது "ஜன்னலுக்குப் புதுத் திரை" என்று வந்து நின்றது. மாதம் முடிவதற்குள் திரை வந்துவிட்டது. "பார்த்தியா, நினைச்சதை முடிச்சாச்சு" என்றார் அவர். அவள் திரையை இழுத்து மூடிவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.

பலகை வைத்த முதல் வருடமே பிள்ளைகள் அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கில் எப்போதும் எண்பதுக்குக் குறையாமல் வாங்குகிற பையன் ஒருவன் "கணக்கில் பத்து மார்க்" என்று எழுதி வைத்தான். பரீட்சை முடிந்ததும் பலகையின் முன் நின்று, "சாதிச்சுட்டேன் சார்" என்று இரண்டு கையையும் தூக்கினான். வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. சாருக்கு முகம் கறுத்துப்போனது. அடுத்த வாரமே புது விதி வந்தது. குறைந்தாலும் சிவப்பு, கூடினாலும் சிவப்பு. எழுதினது எதுவோ அதுவே நடக்க வேண்டும். அதிகமாக வாங்கிவிட்டால், இலக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாய், உன்னை உனக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

விதி நன்றாகத்தான் வேலை செய்தது. பிள்ளைகள் எழுதியதை வாங்கினார்கள், வாங்கியதோடு நிறுத்தினார்கள். கணக்கு டீச்சர் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வந்து கத்தினாள்.

"சார், உங்க வகுப்புப் பையன் கடைசி ரெண்டு கணக்கைத் தொடவே இல்ல. தெரியாதாடான்னா, தெரியும் மிஸ், எழுபது வந்துடுச்சு, போதும்ங்கறான். இது என்ன கூத்து?"

"எங்க நிக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு டீச்சர். நம்மள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?" என்றார் சார்.

அவள் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தலைமையாசிரியையோ பலகையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினாள். பள்ளிக்கூடத்துக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் பின்சுவருக்குத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

அந்த வகுப்புக்கு ஒரு வருடம் அவருடைய அக்கா மகளும் வந்து சேர்ந்தாள்.

அக்கா காய்ச்சலில் போனபோது அந்தப் பெண்ணுக்குப் பால்பல்கூட முழுசாக விழவில்லை. அப்பன்காரன் போன இடம் தெரியவில்லை. சார்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையில்லாத வீடு. அவர் மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பெண் வந்த நாளிலிருந்து தட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை. அத்தைதான் அதட்டி அதட்டிப் போட வேண்டும். இது நம் வீடு இல்லை, நாம் கணக்காக இருக்க வேண்டும் என்று அந்தச் சின்ன மண்டைக்குள் எப்படியோ புகுந்துவிட்டிருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாரும் அதை எடுத்து வெளியே போடவும் இல்லை.

அவளிடம் இருந்ததெல்லாம் கால். நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்று அத்தை சொன்னால், மிஷினில் போட்ட துணியை எடுத்து மடிப்பதற்குள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து நிற்பாள். "இது காலா, சக்கரமா?" என்று அத்தை கேட்பாள். அந்தப் பெண் சிரிக்கிற ஒரே நேரம் அதுதான்.

வருடத் தொடக்கத்தில் அவளும் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். வீட்டில் மாமா, வகுப்பில் சார்.

"பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஓட்டப்பந்தயம் வைக்கறாங்கல்ல சார், அந்தப் பெரிய ஓட்டம். அதுல நான் முதல்ல வரணும்."

"எத்தனை பேர் ஓடுவாங்க?"

"நாப்பது பேர் இருக்கும் சார்."

"இதுக்கு முன்னாடி ஓடியிருக்கியா?"

"இல்ல சார்."

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சாருக்குத் தெரிந்த சிரிப்பு. பின்சீட்டிலிருந்து வருகிற சிரிப்பு. இந்தப் பிள்ளையை நான் விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"முதல் இடம்லாம் நம்ம கையில இல்லம்மா. எட்டற மாதிரி சொல்லு."

"பத்துக்குள்ள வர்றேன் சார்."

"பத்துக்குள்ளன்னா எங்க? ஒண்ணா, அஞ்சா, ஒம்போதா? மூடுமந்திரம் வேண்டாம். தெளிவா ஒரு எண்."

அவள் பலகைக்கு இன்னும் நெருங்கிப் போனாள். பிறகு, 'ஓட்டப்பந்தயத்தில் பத்தாவது இடம்' என்று தன் கட்டத்தில் குண்டு குண்டாக எழுதினாள்.

டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். விசிலும் தொப்பையுமாக மைதானத்தைச் சுற்றி வருகிற மனிதர், பலகையைப் பற்றி எதுவும் தெரியாதவர். அவர் அந்தப் பெண்ணை இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் மூச்சிரைக்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"சார், உங்க அக்கா பொண்ணு தூக்கத்துல ஓடினாக்கூட முதல் மூணுல வந்துடுவா. இந்தத் தடவை முதல் மூணு பேரை விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கறாங்க. தங்கறது, சாப்பாடு, படிப்பு, பயிற்சி, எல்லாம் அவங்களே. அப்புறம் அந்தப் பொண்ணு எங்கேயோ போயிடுவா சார்."

"சந்தோஷம் மாஸ்டர்" என்றார் சார். சந்தோஷம்தான் பட்டார். கூடவே, கட்டத்தில் எழுதியதை மாற்ற விதியில் இடமில்லையே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அது அவருடைய சொந்த விதி, அவர் நினைத்தால் ஒரு துணியை நனைத்து அழித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒருத்திக்கு அழித்தால் எல்லாரும் வந்து நிற்பார்கள், அதுவும் சொந்த அக்கா மகளுக்கு அழித்தால் பேச்சு வேறு மாதிரி வரும். போகட்டும், ஓடுகிற நாளில் அது ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவி விடவில்லை. செய்தி காதில் விழுந்த அன்றைக்கே தடித்த துணி எடுத்து, உள்ளே அறைகள் வைத்து, ஜிப் வைத்து, ஒரு பை தைக்க ஆரம்பித்தாள். விடுதிக்குக் கொண்டுபோகிற பை. "அங்க ஜன்னல் பெருசா இருக்குமாம்டி. மாஸ்டர் சொன்னாரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகாரி பலகையைப் பார்க்க வருவதாக இருந்தது. பந்தயத்துக்கு மறுநாள் வருகிறார். முழுப் பலகையும் பச்சையாக இருந்தால் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அந்த முறையைக் கொண்டுபோகலாம், அதைச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பையும் சாருக்கே கொடுக்கலாம் என்று தலைமையாசிரியை காதைக் கடித்திருந்தாள். சார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"பலகை பூரா பச்சை. ஒரே ஒரு கட்டம்தான் இன்னும் காலி."

"அதுக்கு?" என்றாள் மனைவி.

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அந்தப் பெண்ணின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. அதை அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடும்படி மனைவியிடம் தட்டை நீட்டினார்.

மறுநாள் மைதானத்தில் அவரும் டிரில் மாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் துணிப்பந்தலுக்குக் கீழே விடுதியின் தேர்வாளர்கள் மூன்று பேர். துப்பாக்கி வெடித்ததும் நாற்பது பெண்களும் ஒரே கும்பலாகக் கிளம்பினார்கள். சுற்றுகள் போகப் போகக் கும்பல் கலைந்து நீளமானது. அந்தப் பெண் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. நூல்கண்டு வாங்கப் போகிறவள் மாதிரி ஓடினாள். அதற்கடுத்த சுற்றில் இரண்டாவது ஆனாள்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று மாஸ்டர் சாரின் தொடையில் அடித்தார். "இவ இன்னும் வேகத்தையே எடுக்கல சார். கடைசிச் சுற்றுக்கு வச்சிருக்கா."

கடைசிச் சுற்று வந்தது. அந்தப் பெண் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு வேகத்தைக் குறைத்தாள். ஒருத்தி தாண்டிப் போனாள். இன்னொருத்தி தாண்டிப் போனாள். மாஸ்டர் எழுந்து நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்தினார், வார்த்தை ஒன்றும் வராமல் விசில்தான் வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டு வழி விட்டு வந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கித் தள்ளாடிக்கொண்டு வந்த ஒரு குண்டுப் பெண்ணுக்காக ஏறக்குறைய நின்றே விட்டாள். அவள் தாண்டியதும் தானும் தாண்டினாள்.

மாஸ்டர் தடுப்பைத் தாண்டி ஓடினார். "என்னம்மா ஆச்சு? கால் பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல சார்."

பின்னாலேயே வந்த மாமாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பத்து மாமா. எண்ணிட்டேதான் வந்தேன்."

அந்த நேரத்தில் அவருக்குள் முதலில் எழுந்தது என்ன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது துக்கம் இல்லை, கோபம் இல்லை. அப்பாடா என்ற நிம்மதி. பலகை முழுக்கப் பச்சை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன.

வீட்டில் பை தயாராகக் கதவோரம் இருந்தது. மனைவி நடந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். சார்தான் கேட்டார்.

"முதல் மூணு பேரை எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏம்மா?"

"ஒரு கட்டம்தான் காலியா இருக்குன்னு சொன்னீங்களே." அவள் பாதத்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கடைக்குப் போய் என்ன வாங்கி வந்தேன் என்று சொல்கிற குரல். "நான் முன்னாடி வந்திருந்தா சிவப்பு ஒட்டியிருக்கணும். அதிகாரி வர்றப்ப நம்ம வீட்டுப் பொண்ணால உங்களுக்குக் கெட்ட பேரு வரணுமா?"



மறுநாள் மேலதிகாரிக்கு முன்னால் அவளே பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாள். அதிகாரி கட்டத்தைப் படித்தார். "பத்தாவது இடம்னு எழுதி பத்தாவதா வந்திருக்கே. எப்படி இவ்வளவு துல்லியமா முடிஞ்சது?" என்று வியந்து கேட்டார். "சார் சொல்லிக்கொடுத்தாரு" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். சாரும் தட்டினார்.

டிரில் மாஸ்டருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் நேராக வீட்டுக்கே வந்தார்.

"விடுதிக்காரங்க நாளைக்கு வரைக்கும் மைதானத்து ஆபீஸ்லதான் இருக்காங்க சார். நான் போய்ச் சொன்னேன். பொண்ணு வேணும்னே பின்தங்கினா, பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு விதின்னு. விதி போட்டவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், தனியா இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்க்கறோம்னாங்க. ஒரு வார்த்தை சார். உங்களுக்கு என்ன போகுது?"

என்ன போகும் என்று சாருக்குத் தெரியும். தன் விதியால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை நட்டாற்றில் நிற்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னால், நேற்றுத் தட்டிய கைகள் எல்லாம் சிரிக்கிற வாய்களாக மாறும். பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

ஆனாலும் போனார். அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் பந்தய உடையோடு, அத்தை தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பையில் அத்தை துணிமணியெல்லாம் அடுக்கி வைத்துவிட்டிருந்தாள். வழியில் சார் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மைதானத்து ஆபீஸில் அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே ஒரு எழுத்தர் தலை நிமிர்ந்தார். "யாரைப் பார்க்கணும்? என்ன விஷயம்?"

சார் வாயைத் திறந்தார். எழுத்தர் இன்னொரு தடவை கேட்டார். பக்கத்து அறையில் தேர்வாளர்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்காகவோ சிரித்தார்கள், அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அடுத்த வருஷப் பந்தயம் எப்ப வருதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"இன்னும் தேதி போடலையே."

"சரிங்க."

வெளியே வந்தார். "அவங்க கிளம்பிட்டாங்களாம்மா. கொஞ்சம் முன்னாடிதான்" என்றார்.

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே ஜன்னல். நல்ல பெரிய ஜன்னல். அதற்கு உள்ளே மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"சரி மாமா" என்று எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பையைத் திறந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பையில் தைத்து மிஞ்சிய துணித் துண்டுகளைப் போட்டு வைத்தாள். புருஷனோடு பேசுவதற்கும் அன்றோடு ஒரு அளவு வைத்தாள். சாப்பாடு ஆச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். அவர் ஏதாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் வரும். கூடவும் வராது, குறையவும் வராது.

அடுத்த வருடம் வயதுக் கணக்குப்படி அந்தப் பெண் பந்தயத்தில் சேர முடியாமல் போனது. டிரில் மாஸ்டர் அதற்குப் பிறகு சாரோடு பேசியதில்லை. சாருக்குப் பொறுப்பு வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், வாத்தியார்களை உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு இலக்கு வைக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பேசினார். பத்தாவது இடத்தின் கதையை அவர் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், துல்லியத்துக்கு உதாரணமாக. அவர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற அன்றைக்குப் பெரிதாக விழா எடுத்தார்கள், மாலை கழுத்தை அறுத்தது.

அந்தப் பெண் படிப்பு முடிந்ததும் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கூடையில் போடுகிற வேலை. மணிக்கு இத்தனை பிரிக்க வேண்டும் என்று மேலே போர்டில் எண் ஓடும். மற்றவர்கள் ஒருநாள் அதைத் தாண்டுவார்கள், மறுநாள் கோட்டை விடுவார்கள். அவள் மட்டும் தினமும் அதே எண்ணில் கொண்டுபோய் நிறுத்துவாள். "மெஷின் கெட்டுது போ" என்று மேனேஜர் எல்லாருக்கும் அவளைக் காட்டுவார். வந்த வரன்களிலும் எட்டாதவற்றை அவளே தள்ளிவிட்டாள், எட்டினவை தாமாகவே தள்ளிப் போயின. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஓடியும் பார்த்ததில்லை. மழை வந்தால்கூட நடந்துதான் வருவாள்.

கிடங்கில் சூப்பர்வைசர் வேலைக்குப் பரீட்சை வைப்பதாகச் செய்தி வந்தபோது சாருக்கு உயிர் வந்தது. தலைமை அலுவலகத்தில் பரீட்சை. அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார், அவரே அவள் பின்னால் நடையாய் நடந்தார்.

"எத்தனை பேர் எழுதறாங்க மாமா?" என்று கேட்டாள்.

"அறுபது பேரு."

"எத்தனை இடம்?"

அவர் தரையைப் பார்த்தார். இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாளில் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். அது இவ்வளவு கேவலமான கேள்வி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எத்தனையா இருந்தா என்னம்மா. நீ எழுது. நீ முதல்ல வருவே."

அவள் அவரை வேடிக்கையாகப் பார்த்தாள். வயசாகிவிட்டது மாமாவுக்கு என்று நினைத்திருக்கலாம். "சரி மாமா, நீங்க சொன்னா சரி" என்றாள். அவருடைய மனைவி மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மறுபடியும் மிதித்தாள்.

பரீட்சை நாளன்று காலையில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். துணைக்கு நானும் வருகிறேன் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். வழக்கத்தைவிட அவள் தலை வாரிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், டிபன் டப்பாவை இரண்டு தடவை கழுவினாள். தெருமுனை திரும்பும்போது தலைமை அலுவலகத்துக்குப் போகிற பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது. அதை விட்டால் நேரத்துக்குப் போக வேறு வழியில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

சார் ஓடினார். பஸ்ஸில் ஏறுவதையே விட்ட மனிதர், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனிதர், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க, என் பொண்ணு பரீட்சைக்குப் போகணும்" என்று நடுத்தெருவில் கத்திக்கொண்டே ஓடினார். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பஸ்ஸின் பின்சீட்டில் இருந்த இரண்டு பையன்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஓடினார். திரும்பிப் பார்த்து, "ஓடி வாம்மா, நீ ஓடினா பிடிச்சுடலாம்" என்று கத்தினார்.

பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போய்விட்டது. அவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெஞ்சு விம்மியது. அவள் நடந்து வந்து சேர்ந்தாள். கைப்பையின் ஜிப் சரியாக மூடாமல், உள்ளே கிடங்கின் நீலச் சீருடை மடித்து வைத்தது தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அவரிடம் கொடுத்தாள்.

"எதுக்கு மாமா இந்த வயசுல ஓடறீங்க?" என்றாள். "நான் வேலைக்குப் போற அடுத்த பஸ்ஸுக்குத்தானே கிளம்பினேன்."